கரிசல் வீட்டுக்கு எந்தக் கணினி?

பிளஸ் டூ முடிவு வந்து கல்லூரிச் சேர்க்கை தொடங்கும் மாதங்களில் ஓட்டப்பிடாரம் வட்டாரத்து வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி இது: பிள்ளைக்கு லேப்டாப் வாங்கிக் கொடுப்பதா, வீட்டில் ஒரு சிஸ்டம் போடுவதா? யோசனை சொல்ல ஆள் குறைவில்லை. கடைக்காரர் ஒன்று சொல்வார். சென்னையில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் வேறொன்று சொல்வான். யூடியூபில் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். எல்லாரும் பேசுவது பிராசஸர் வேகம், ரேம், எடை, விலை ஆகியவற்றை மட்டுமே. வீட்டுக்குக் கரண்ட் எப்படி வருகிறது, எர்த் ஒழுங்காக இருக்கிறதா, பழுதானால் எந்த ஊருக்கு பஸ் ஏற வேண்டும், பணம் வருஷத்தின் எந்த மாதத்தில் கைக்கு வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. இந்த மண்ணில் முடிவைத் தீர்மானிக்க வேண்டியவை இந்தக் கேள்விகள்தாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே அவற்றிலிருந்தே தொடங்கலாம்.

முதலில் பணம் வரும் காலம். ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி, கயத்தாறு எல்லாம் பெரும்பாலும் மானாவாரி பூமி. புரட்டாசியில் விதைத்து, வடகிழக்குப் பருவமழையை நம்பிக் காத்திருந்து, உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் தை, மாசியில் வீடு வந்து சேர்ந்தால்தான் சம்சாரி கையில் மொத்தப் பணம் இருக்கும். கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர்களுக்கோ வாரக் கூலி. இரண்டு வகை வீட்டுக்கும் கணினி என்பது ஒரே தடவை போடும் முதல். அது ஐந்தாறு வருஷம் உழைக்க வேண்டும். மூன்றாம் வருஷத்தில் திடீரென்று எட்டாயிரமோ பத்தாயிரமோ கேட்டால், அந்த வருஷம் மழை பொய்த்திருந்தால், கணினி அப்படியே மூலைக்குப் போய்விடும். நகரத்து மாதச் சம்பளக்காரருக்குச் சொல்லும் யோசனை இங்கே பொருந்தாததற்கு முதல் காரணம் இதுதான். வாங்கும் விலையைவிட நடுவில் எவ்வளவு கேட்கும் என்பதே இங்கே பெரிய கணக்கு.

இந்த வட்டாரத்துக்குக் கணினி வந்த வரலாறும் கேள்வியைப் பாதிக்கிறது. உலக அளவில் மடிக்கணினி விற்பனை மேசைக்கணினியை முந்தியது 2008ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில். அந்தச் சமயத்தில் கரிசல் கிராமங்களில் இரண்டையும் பார்ப்பது அரிது. கணினி என்றால் டவுனில் பிரவுசிங் சென்டரிலும் டிடிபி கடையிலும் இருப்பது. பிறகு 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், முதல்வர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டத்தில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மாநில அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. முதலாண்டுக்கு மட்டும் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் திட்டமிடப்பட்டன. அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கு வருஷாவருஷம் வழங்கி, எண்ணிக்கை 50 லட்சத்தைத் தாண்டியது. விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் இருந்தது. பல நாடுகளில் வீட்டுக்கு முதலில் மேசைக்கணினி வந்து, பத்திருபது வருஷம் கழித்துத்தான் மடிக்கணினி வந்தது. கரிசல் காட்டில் மேசைக்கணினி என்ற படியே இல்லாமல், வீட்டின் முதல் கணினியாக மடிக்கணினி நேரே வந்து இறங்கியது.

அது வந்து இறங்கிய காலம் முக்கியமானது. 2012இல் சென்னைக்கு வெளியே தமிழ்நாடு முழுக்க ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டு இருந்தது. ஒரு மணி நேரம் கரண்ட் இருந்தால் அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. அந்த இடைவெளியில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இருட்டில் வேலை பார்க்க முடிந்த ஒரே கணினி மடிக்கணினிதான். மேசைக்கணினியை அன்றைக்குக் கொடுத்திருந்தால் பாதி நாள் அது வெறும் பெட்டியாக நின்றிருக்கும். அந்தத் திட்டத்தைப் பற்றி எத்தனையோ விமர்சனங்கள் உண்டு. ஆனால் அந்த வருஷங்களின் கரண்ட் நிலைமைக்கு அது சரியான கருவி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிரச்சினை பிறகு வந்தது. இரண்டு, மூன்று வருஷத்தில் பேட்டரி தளர்ந்தது. மாற்று பேட்டரிக்கு டவுனுக்குப் போனால் அந்த மாடலுக்கு அசல் பேட்டரி கிடைக்காது, அல்லது கிடைக்கும் டூப்ளிகேட் ஆறு மாதத்தில் வீங்கிவிடும். பேட்டரி போன லேப்டாப், சுவரோடு கட்டிப்போட்ட லேப்டாப் ஆகிவிடுகிறது: கரண்ட் போனால் அணைந்துவிடும், திரையும் சின்னது, கீபோர்டும் ஒட்டியே இருக்கும். மேசைக்கணினியின் குறைகள் எல்லாம் வந்து சேரும், அதன் நிறைகள் ஒன்றுகூட வராது. இந்த வட்டாரத்துப் பரண்களில் அரசு முத்திரையோடு தூசி படிந்து கிடக்கும் கணினிகளில் பெரும்பாலானவை முழுசாகக் கெட்டுப்போனவை அல்ல. பேட்டரியோ, சார்ஜரோ, ஹார்ட் டிஸ்க்கோ ஒன்று மட்டும் போனவை.

பேட்டரி ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது? லித்தியம் அயான் பேட்டரிக்கு இரண்டு பகை: வெயில், நூறு சதவீத சார்ஜிலேயே கிடப்பது. 40 டிகிரி சூட்டில் முழுச் சார்ஜோடு ஒரு வருஷம் வைத்திருந்தால் அதன் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பயன்படுத்தினாலும் போகும், படுக்கப்போட்டாலும் போகும். சித்திரை, வைகாசியில் ஓட்டு வீட்டுக்குள்ளும், மேல்மாடியில்லாத தார்சு வீட்டுக்குள்ளும் பகல் சூடு எப்படி இருக்கும் என்பது கரிசல்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கரண்ட் எப்போது போகுமோ என்ற பயத்தில் நாள் முழுக்கச் சார்ஜில் செருகியே வைப்பது பழக்கமாகிவிட்டது. பயம் நியாயமானது. ஆனால் பேட்டரியின் ஆயுளைக் குறைப்பதும் அந்தப் பழக்கம்தான். இப்போது வரும் பெரும்பாலான லேப்டாப்களில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி உண்டு. வாங்கிய அன்றே அதைப் போட்டுவிட்டால் ஒரு வருஷமாவது கூடுதலாக உழைக்கும்.

இனி மேசைக்கணினியின் பக்கம். அதை வாங்குகிறவர்கள் கூடவே 600 விஏ யூபிஎஸ் ஒன்றை வாங்குகிறார்கள். அதன் உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி. பெருக்கிப் பார்த்தால் 84 வாட்-மணி. ஒரு சாதாரண லேப்டாப் பேட்டரியோ 40 முதல் 50 வாட்-மணிதான். அதாவது யூபிஎஸ்ஸில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மின்சாரம் இருக்கிறது. ஆனால் லேப்டாப் மூன்று, நான்கு மணி நேரம் ஓடுகிறது, சிஸ்டமோ பதினைந்து நிமிஷத்தில் கூக்குரலிட்டு அணைகிறது. காரணம், டவரும் மானிட்டரும் சேர்ந்து நூறு வாட் அளவுக்கு இழுக்கும். எழுதுவது, படிப்பது போன்ற வேலைக்கு லேப்டாப் பத்து, பதினைந்து வாட்டில் ஓடிவிடும். அது போக, ஈய பேட்டரியிலிருந்து வேகமாக உறிஞ்சினால் அது தன் முழுக் கொள்ளளவைத் தராது. மின்சாரத்தை மாற்றும்போதும் ஒரு பங்கு வீணாகும். யூபிஎஸ் என்பது செய்த வேலையைச் சேமித்து ஒழுங்காக அணைக்கக் கிடைக்கும் அவகாசம், அவ்வளவுதான். அதை நம்பி வேலை பார்க்க முடியாது. அந்தச் சின்ன பேட்டரியும் நம் வெயிலில் இரண்டு, மூன்று வருஷத்துக்கு மேல் நிற்பதில்லை.

ஆனால் மின்வெட்டுக் காலம் இந்த வட்டாரத்தில் இன்னொன்றையும் விட்டுப்போயிருக்கிறது: இன்வெர்ட்டர். ஃபேனுக்கும் லைட்டுக்கும் என்று வாங்கிய 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி பல வீடுகளில் இருக்கிறது. அது 1,800 வாட்-மணி. ஒரு ஃபேன், ஒரு லைட், ஒரு சிஸ்டம் மூன்றையும் பல மணி நேரம் அது தாங்கும். அப்படி இருந்தும் கரண்ட் போகும்போது சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது என்று சொல்லி, இன்வெர்ட்டர் வீட்டிலேயே தனி யூபிஎஸ்ஸும் வாங்குகிறார்கள். பெரும்பாலான இன்வெர்ட்டர்களில் யூபிஎஸ், நார்மல் என்று இரண்டு நிலை கொண்ட ஒரு சுவிட்ச் உண்டு. நார்மலில் இருந்தால் கரண்டிலிருந்து பேட்டரிக்கு மாற நாற்பது மில்லிசெகண்ட் வரை ஆகும். கணினியின் பவர் சப்ளை அவ்வளவு நேரம் மூச்சுப் பிடிக்காது, பதினைந்து சொச்சம் மில்லிசெகண்ட்தான் அதன் தாக்கு. யூபிஎஸ் நிலைக்கு மாற்றினால் பத்து மில்லிசெகண்ட் அளவில் மாறிவிடும், திரைகூட சிமிட்டாது. காசு செலவில்லாத இந்த ஒரு மாற்றத்தை எலக்ட்ரீஷியன்கள் சொல்லித்தர வேண்டும். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில், கரண்ட் போய்விடும் என்ற ஒரே காரணத்துக்காக மேசைக்கணினியை ஒதுக்கத் தேவையில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. தமிழ்நாட்டின் முதல் காற்றாலைகள் 1986இல் நிறுவப்பட்டது தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில். கயத்தாறு பக்கம் எங்கே திரும்பினாலும் காற்றாலைகள். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் ஐந்து அலகுகளும் சேர்ந்து 1,050 மெகாவாட். இப்போது கரிசல் நிலங்களில் சூரியத்தகடுகளும் விரிந்து கிடக்கின்றன. மாநிலத்துக்கே மின்சாரம் தரும் வட்டாரம் இது. கடைக்கோடிக் கிராமத்தின் மாணவி, கரண்ட் நிற்குமா நிற்காதா என்று கணக்குப் போட்டுக் கணினி வாங்க வேண்டிய நிலை மாற வேண்டும். 2012 போல இன்று நிலைமை இல்லை என்பது உண்மை. மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை 9 மணியிலிருந்து மதியம் வரையோ மாலை வரையோ நிறுத்துவதும், ஐப்பசி இடி மழையில் ராத்திரி முழுக்கப் போவதும், மோட்டார்கள் ஓடும் நேரத்தில் லைன் கடைசியிலிருக்கும் வீட்டில் வோல்டேஜ் சரிவதும் இன்னும் இருக்கின்றன. வோல்டேஜ் சரிவை லேப்டாப் நன்றாகத் தாங்கும். அதன் அடாப்டரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டே இருக்கும். மலிவான டவர்களில் வரும் பவர் சப்ளைக்கு அந்த அகலம் இல்லை. 180க்குக் கீழே போனால் தடுமாறும்.

எர்த் விஷயம் கரிசல் மண்ணுக்கே உரியது. மழைக்காலத்தில் கரிசல் நீரைப் பிடித்து உப்பி நிற்கும். அப்போது எர்த் கம்பிக்கு நல்ல பிடிப்பு. கோடையில் அதே மண் சுருங்கி, கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். கம்பியைச் சுற்றியிருக்கும் மண் விலகி, காற்று இடைவெளி விழும். ஆறு மாதத்துக்கு முன் சரியாக இருந்த எர்த், பங்குனியில் பெயருக்குத்தான் இருக்கும். சிஸ்டத்தின் இரும்புக் கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்று அந்த மாதங்களில் வரும் புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். பவர் சப்ளையில் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் சின்ன மின்தேக்கிகள், எர்த் இல்லாதபோது கேபினட்டில் பாதி வோல்டேஜை ஏற்றி நிறுத்தும். மிகச் சிறிய மின்னோட்டம் என்பதால் ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் பென்டிரைவ் செருகும் இடம், பிரிண்டர் இணைக்கும் இடம் வழியாக மதர்போர்டைப் பதம் பார்க்கலாம். எர்த் குழியில் கரியும் உப்பும் அடுக்கி, கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்ன பழைய மின்பணியாளர்கள் மண்ணறிந்து சொன்னார்கள். மேசைக்கணினி வாங்கும் முன் எர்த்தைச் சோதிக்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். பெரும்பகுதி பிளாஸ்டிக் உடம்புள்ள லேப்டாப் இந்தத் தொல்லையிலிருந்து தப்பித்துக்கொள்கிறது. இடிமின்னல் நேரத்தில் பிளக்கையும் இன்டர்நெட் வயரையும் பிடுங்கிவிட்டு வேலையைத் தொடர முடிவதும் லேப்டாப்புக்கு உள்ள பெரிய வசதி.

தூசி விஷயத்தில் இரண்டுமே பாதிக்கப்படும், ஆனால் ஒரே மாதிரி அல்ல. மக்காச்சோளம் அடிக்கும் நாட்களில் வரும் தும்பும், ஆனி ஆடிக் காற்றில் பறக்கும் புழுதியும் டவரின் ஃபேனில் அப்பிக்கொள்ளும். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பிரஷ்ஷால் தட்டி, புளோயர் வைத்து ஊதினால் பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும். வீட்டுப் பிள்ளையே செய்யலாம். லேப்டாப்பில் அதே தூசி, விரல் அகல ஹீட் சிங்க்கின் இடுக்கில் அடைத்துக்கொள்ளும். கழற்றத் தெரிந்த ஆள் வேண்டும். கட்டில் மெத்தைமேல் வைத்து ஓட்டினால் காற்றுத் துளை அடைபட்டு இன்னும் மோசம். வேப்பலோடை, தருவைகுளம் பக்கம் கடற்கரையை ஒட்டிய ஊர்களில் உப்புக்காற்றும் சேரும். அங்கே எந்தக் கணினியானாலும் நாள்பட அணைத்துப் போட்டு வைப்பது கெடுதல். ஓடும் கணினியின் சூட்டில் ஈரம் தங்காது.

பழுது பார்ப்பதில்தான் எனக்கு மேசைக்கணினிமேல் பெரிய மதிப்பு. ரேம் போனால் ரேம், ஹார்ட் டிஸ்க் போனால் ஹார்ட் டிஸ்க், பவர் சப்ளை போனால் பவர் சப்ளை என்று போனதை மட்டும் மாற்றலாம். எந்தக் கம்பெனி உதிரியும் பெரும்பாலும் பொருந்தும். பசுவந்தனை வழியாக பஸ் ஏறிக் கோவில்பட்டிக்குப் போனாலும், தூத்துக்குடிக்குப் போனாலும் அன்றைக்கே வேலை முடிந்து திரும்பலாம். மானிட்டர் பத்து வருஷம் நிற்கும், டவர் மாறினாலும் அது தொடரும். லேப்டாப்பில் கீபோர்டில் டீ கொட்டினாலும் மதர்போர்டு வரை போகும். சிப் அளவில் சரிபார்க்கும் கைகாரர்களைத் தேடி மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போக வேண்டும். கொடுத்துவிட்டு வந்து, வாரக்கணக்கில் போன் போட்டுக் கேட்க வேண்டும். தேர்வு நெருங்கும்போது இது நடந்தால் அந்தப் பிள்ளையின் தவிப்பைச் சொல்ல முடியாது. லேப்டாப் வாங்குகிறவர்கள் ரேமும் எஸ்எஸ்டியும் கழற்றி மாற்றும்படி இருக்கிறதா, மதர்போர்டோடு ஒட்டியிருக்கிறதா என்று கடையில் கேட்டே ஆக வேண்டும். மெலிந்து அழகாக இருப்பவற்றில் பெரும்பாலும் ஒட்டியேதான் இருக்கும்.

விலைக்கு வருவோம். புதிதுக்குப் புதிது ஒப்பிட்டால் மானிட்டர், யூபிஎஸ் எல்லாம் சேர்த்து மேசைக்கணினி பெரிதாக மலிவில்லை. பழையதில்தான் வித்தியாசம். பெரிய கம்பெனிகள் மூன்று, நான்கு வருஷம் பயன்படுத்திவிட்டு மொத்தமாகத் தள்ளும் அலுவலகச் சிஸ்டங்கள், சென்னை ரிச்சி தெரு வழியாகத் தென்மாவட்டக் கடைகளுக்கும் வந்து சேர்கின்றன. நடுத்தரமான புது லேப்டாப் ஒன்றின் விலையில் பாதிக்கும் குறைவாக, மானிட்டரோடு நல்ல சிஸ்டம் கிடைக்கும். பழைய லேப்டாப்பை இந்த அளவுக்கு நம்பி வாங்க முடியாது. அதன் பேட்டரியும் கீலும் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தரும் ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட இன்டெல் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதனால்தான் நான்காம், ஆறாம் தலைமுறை ஐ5 சிஸ்டங்களை இவ்வளவு மலிவாகத் தள்ளுகிறார்கள். கடைக்காரர் ஐ5 என்று மட்டும் சொன்னால் போதாது, எந்தத் தலைமுறை என்று கேளுங்கள். லினக்ஸ் போட்டுக்கொள்ளத் துணிந்தவர்களுக்கு அந்த மலிவுச் சிஸ்டமே ஐந்து வருஷம் வரும். டேலியும் அரசுத் தளங்கள் கேட்கும் சில மென்பொருள்களும் வேண்டுமென்றால் விண்டோஸ்தான்.

கரண்ட் பில்லும் ஒரு கணக்கு. தினம் ஐந்து மணி நேரம், இரண்டு மாதம் ஓட்டினால் நூறு வாட் சிஸ்டம் 30 யூனிட் இழுக்கும். லேப்டாப் முப்பது வாட் என்று வைத்தாலும் 9 யூனிட்தான். 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அந்த எல்லைக்குள் இருக்கும் சின்ன வீட்டில் இந்த 21 யூனிட் வித்தியாசம் இலவசத்தைத் தாண்ட வைக்கலாம். பெரிய டவருக்குப் பதில், புத்தகம் அளவே இருக்கும் மினி சிஸ்டத்தை வாங்கினால் இந்த வித்தியாசம் பெரிதும் குறைந்துவிடும். அதுவும் லேப்டாப் போல அடாப்டரில் ஓடுவது. மானிட்டரோடு சேர்த்தே ஐம்பது வாட்டைத் தாண்டாது. அதே சின்ன யூபிஎஸ் அரைமணி நேரத்துக்கு மேல் தாங்கும். ரேமும் டிஸ்க்கும் மாற்றலாம். கம்பெனிகள் தள்ளும் பழைய சரக்கில் இவையும் நிறைய வருகின்றன. கரிசல் வீட்டுக்கென்று ஒன்றைக் கைகாட்டச் சொன்னால் நான் கைகாட்டுவது இதைத்தான். கடைகளில் இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் இன்னும் குறைவு.

வேலையைப் பொறுத்துப் பிரித்துப் பார்த்தால் சில இடங்களில் விவாதமே இல்லை. இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை, பத்திர எழுத்தர் அலுவலகம் மூன்றும் மேசைக்கணினிக்கு உரியவை. பத்திரப் பதிவு 2018இல் இணையவழி ஸ்டார் 2.0 முறைக்கு வந்தபின் பத்திரம் எழுதுவது என்றாலே கணினிதான். ஐப்பசியில் பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கும்போது இ-சேவை மையங்களைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும்: அடங்கலும் பாஸ்புக் நகலும் ஆதாரும் கையில் பிடித்துக்கொண்டு சம்சாரிகள் வாசல் வரை நிற்பார்கள். வெளியே இடி மழை. அந்த நேரத்தில் கரண்ட் போய் சிஸ்டம் அணைந்தால், ஒருவருடைய உளுந்துக்கும் மக்காச்சோளத்துக்கும் அந்த வருஷத்துக் காப்பீடே போய்விடக்கூடும். ஆகவே இம்மாதிரி மையத்துக்கு மேசைக்கணினி, இன்வெர்ட்டர், செல்போன் வழி இணையம், இவற்றோடு மாற்றுக்கு ஒரு லேப்டாப்பும் வேண்டும். இது ஆடம்பரம் அல்ல. ஊர் முழுக்க அந்த மையத்தை நம்பியிருக்கிறது.

வீட்டிலிருந்தபடி டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர், டேலி கற்றுக் கணக்கு எழுதிச் சம்பாதிக்க நினைப்பவர், டிடிபி வேலை எடுத்துச் செய்யும் பெண்கள் ஆகியோருக்கும் மேசைக்கணினியே நல்லது. பெரிய திரை, முழு அளவுக் கீபோர்டு, நிமிர்ந்த முதுகு. டைப்ரைட்டிங் லோயரும் ஹையரும் முடித்த கைகளுக்கு லேப்டாப்பின் தட்டையான விசைகளில் தமிழ் அடிப்பது சிரமம். லேப்டாப்பை மடியிலோ தரையிலோ வைத்துக் குனிந்தே நாலைந்து மணி நேரம் வேலை செய்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். லேப்டாப்தான் இருக்கிறது என்றால் சில நூறு ரூபாய்க்கு ஒரு தனிக் கீபோர்டும் மவுஸும் வாங்கி, லேப்டாப்பை நாலு தடித்த புத்தகத்தின்மேல் கண்மட்டத்துக்கு உயர்த்தி வைக்கலாம்.

கல்லூரிக்குப் போகிறவர்களின் கதை வேறு. கோவில்பட்டி நேஷனல் பொறியியல் கல்லூரிக்கோ தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரிக்கோ தினம் பஸ்ஸில் போய்வரும் பிள்ளை படிக்கும் பாடம் எதுவென்று முதலில் பார்க்க வேண்டும். பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. கணிதம் என்றால் முதல் இரண்டு வருஷத்துக்கு வீட்டிலுள்ள சிஸ்டமும் கையிலுள்ள செல்போனும் போதும். கணினி அறிவியல், பொறியியல், ஊடகவியல் என்றால், அல்லது விடுதியில் தங்கிப் படிப்பது என்றால், லேப்டாப் தவிர வேறு வழியில்லை. விடுதி அறையில் டவர் வைக்க இடமும் இருக்காது, அனுமதியும் இருக்காது.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் நான் லேப்டாப்புக்குக் கூடுதலாக ஒரு ஓட்டுப் போடுவேன். பட்டாசாலையில் வைத்த சிஸ்டம் வீட்டுக்கே பொது என்பார்கள். ஆனால் மாலையில் அண்ணன் தம்பி கேம் ஆட உட்கார்ந்துவிட்டால், அடுக்களை வேலை முடிந்து வரும் தங்கைக்கு அது கிடைக்கும்போது மணி பத்தாகிவிடும். அவள் பெயரில் வந்த லேப்டாப் அவள் கையில் இருக்கும். விலையில்லா மடிக்கணினித் திட்டம் செய்த நன்மைகளில் அதிகம் பேசப்படாதது, வீட்டிலேயே விலை கூடிய ஒரு கருவி ஒரு பெண்பிள்ளைக்குச் சொந்தமாக இருந்தது.

கருவி கையில் வந்தால் படிப்பு தானாக வந்துவிடும் என்றும் எண்ணக் கூடாது. பெரு நாட்டில் கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மலிவு மடிக்கணினிகளை லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். 319 பள்ளிகளில் நடத்திய ஆய்வு 2012இல் வெளிவந்தது. கணக்கிலோ மொழியிலோ மதிப்பெண் கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் மட்டும் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. சொல்லித்தர ஆளும், பழுது பார்க்க இடமும், செய்ய ஒரு வேலையும் கருவியோடு சேர்ந்து வர வேண்டும் என்பதே அந்த ஆய்வு நமக்குத் தரும் பாடம். தமிழ்நாட்டில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்தன; உயர்நிலைப் பள்ளிக்கு 10, மேல்நிலைப் பள்ளிக்கு 20 கணினிகள் என்பது அளவு. ஒரே இடத்தில் நிற்கும் கணினி, ஒருவர் பொறுப்பில் இருப்பதால், எத்தனை பேருக்குப் பயன்படும் என்பதற்கு அவை நல்ல எடுத்துக்காட்டு ஆகலாம். அந்த அறைகளை மாலை இரண்டு மணி நேரம், ஊரிலுள்ள முன்னாள் மாணவர்களுக்கும் திறந்துவிட்டால், கணினி வாங்க முடியாத வீடுகளின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

2025 மார்ச்சில் வைத்த நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி தருவதாக அறிவித்து, முதற்கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. முந்தைய திட்டத்தில் கற்றதை இந்தத் தடவை பயன்படுத்த வேண்டும். கொள்முதல் ஒப்பந்தத்திலேயே மாற்று பேட்டரியும் சார்ஜரும் ஐந்து வருஷத்துக்கு, நிர்ணயித்த விலையில், தாலுகா அளவில் கிடைக்க வேண்டும் என்று எழுத வேண்டும். சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியைப் போட்டே மாணவர் கையில் கொடுக்க வேண்டும். கோவில்பட்டியிலும் ஓட்டப்பிடாரத்திலும் ஐடிஐ, பாலிடெக்னிக் முடித்த இளைஞர்களுக்குச் சிப் அளவில் பழுது பார்க்கப் பயிற்சி கொடுத்து, பள்ளிக் கணினிகளையும் மாணவர் மடிக்கணினிகளையும் அவர்களிடமே ஒப்படைக்கலாம். பரணில் கிடக்கும் பழைய அரசு மடிக்கணினிகளில் ஒரு எஸ்எஸ்டியும் லினக்ஸும் போட்டால் தட்டச்சு பழகவும், பாடக் குறிப்பு படிக்கவும் இன்றைக்கும் அவை ஓடும். அவற்றை இறக்கித் துடைத்து, போனது எதுவென்று பார்ப்பதுதான் அந்த இளைஞர்களின் முதல் பயிற்சி வேலையாக இருக்கலாம்.